பழைய 114/900 தொலைநோக்கி: தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிகிறது, நிலா மட்டும் தெளிய மாட்டேன் என்கிறது

கேள்வி (திருச்சி)

வணக்கம். போன மாதம் ஒருவரிடமிருந்து 6,500 ரூபாய்க்குப் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். நியூட்டோனியன் வகை (குழாயின் அடியில் ஒரு பெரிய குழிக்கண்ணாடியும், வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியும் இருக்கும்); விட்டம் 114 மி.மீ., குவியத்தூரம் 900 மி.மீ. என்று குழாயில் எழுதியிருக்கிறது. கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்), உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று, ‘சன்’ என்று எழுதிய ஒரு கறுப்புக் கண்ணாடி, எடை தொங்கும் இக்குவடோரியல் ஸ்டாண்டு (வானத்தின் சுழற்சியோடு திருப்பும்படி அச்சு சாய்ந்தது). எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஃபோகசரை (ஐபீஸை உள்ளே வெளியே நகர்த்தும் குமிழ் உள்ள பாகத்தை) மாற்றியிருக்கிறார், பழைய ஸ்க்ரூ துளைகள் பக்கத்தில் தெரிகின்றன.

பகலில் மொட்டை மாடியிலிருந்து தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், அதில் ஒட்டியிருக்கும் போஸ்டரைக்கூடப் படிக்க முடிகிறது. ஆனால் இரவில் நிலா வெறும் வெள்ளைப் புகை. நட்சத்திரமோ நடுவில் கறுப்பு ஓட்டை உள்ள வடை மாதிரி இருக்கிறது. குமிழைக் கடைசி வரை உள்ளே திருகியும் பயனில்லை. எட்டாவது படிக்கும் மகள் மூன்று இரவாகக் காத்திருக்கிறாள். கண்ணாடி கெட்டுப்போய்விட்டதா?

பதில் (நாகர்கோவில்)

பழைய கண்ணாடி என்றால் தூசியும் பூஞ்சையும் படிந்திருக்கும். கழற்றிக் கழுவிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

பதில் (கோவை)

கழுவ அவசரப்பட வேண்டாம், தம்பி. தூசி படிந்தால் ஒளி கொஞ்சம் மங்கும், வானத்தின் கறுப்பு குறையும், ஃபோகஸ் போகாது. அதோடு, தொட்டி போஸ்டரைப் படிக்க முடிகிறது என்றால் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ‘வடை’ ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம். நடுவில் உள்ள ஓட்டை, குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். தொட்டி எவ்வளவு தூரம்? பார்லோ போட்டு நிலாவைப் பார்த்தீர்களா?

அதற்கு முன்னால் ஒன்று. அந்தக் கறுப்பு ‘சன்’ கண்ணாடியை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஐபீஸில் மாட்டுவது அது. கண்ணாடி குவித்த வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். சூட்டில் விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போய்விடும். வீட்டில் குழந்தை இருக்கிறது. சூரியனுக்கான ஃபில்டர் என்றால் குழாயின் வாயை முழுதாக மூடுவது மட்டும்தான்.

கேட்டவர்

உடைத்துவிட்டேன் ஐயா, நன்றி. தொட்டி சுமார் 50 மீட்டர் இருக்கும். நேற்று பார்லோ போட்டுப் பார்த்தேன்: நிலா தெளிந்துவிட்டது! பள்ளங்கள் தெரிந்தன. பார்லோவை எடுத்தால் பழையபடி புகை. ஏன் என்று புரியவில்லை.

பதில் (கோவை)

அப்படியானால் நோய் பிடிபட்டது. உங்கள் ஃபோகசர் உள்ளே போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை.

பக்கத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் கண்ணாடியிலிருந்து சற்றுத் தள்ளி விழும், தொலைவில் இருப்பதன் பிம்பம் கிட்டே விழும். 900 மி.மீ. குவியத்தூரத்துக்கு 50 மீட்டர் தொட்டியையும் நிலாவையும் கணக்குப் போட்டால் வித்தியாசம் சுமார் 16 மி.மீ. வருகிறது. தொட்டி தெரிந்த இடத்திலிருந்து ஐபீஸ் இன்னும் 16 மி.மீ. உள்ளே போயாக வேண்டும், போக இடமில்லை. பார்லோ பிம்பத்தை வெளியே தள்ளிக் கொடுப்பதால் அதைப் போட்டால் எட்டுகிறது. முன்னால் வைத்திருந்தவர் உயரமான ஃபோகசரைப் பொருத்தியதன் விளைவு இது.

அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபீஸ் நுழையும் ஓட்டை 31.7 மி.மீ. அதற்குள் சரியாக வழுக்கும்படி அட்டையைச் சுருட்டி, ஒரு முனையில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். குமிழை முழுக்க உள்ளே திருகி, நிலாவுக்கு நேராக வைத்து, பேப்பர் முனை உள்ளே போகும்படி அட்டையை மெல்ல இறக்குங்கள். ஏறக்குறைய 8 மி.மீ. அகலத்தில் குட்டி நிலா பேப்பரில் விழும். அது கூர்மையாகும் ஆழத்தைக் குறியுங்கள். நிலாவுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை, வெயிலில் செய்யவே கூடாது.

கேட்டவர்

மகளே பிடித்து அளந்தாள். விளிம்பிலிருந்து 18 மி.மீ. ஆழத்தில் நிலா கூர்மையாக விழுந்தது. ஐபீஸ் ஏறக்குறைய விளிம்பு மட்டத்தில்தான் உட்காருகிறது. அப்படியென்றால் உயரம் குறைந்த ஃபோகசர் வாங்க வேண்டுமா?

பதில் (கோவை)

வாங்கலாம், ஆனால் செலவு. எனக்குக் கண்ணாடியை மேலே நகர்த்துவதுதான் பிடிக்கும். பெரிய கண்ணாடியை முன்னால் தள்ளினால் பிம்பமும் அதே அளவு ஃபோகசருக்கு வெளியே வரும். 18-க்கு 18 போதாது, 25 மி.மீ. நகர்த்துங்கள். கிட்டப்பார்வை உள்ளவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்போது ஐபீஸ் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கும். சின்னக் கண்ணாடியில் விழும் ஒளிக்கூம்பு 3 மி.மீ. அளவுக்குத்தான் அகலமாகும், அதைப் பொதுவாகத் தாங்கும்.

வேலை இதுதான். குழாயின் அடியில் பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ, பெரிய கண்ணாடி உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தைப் பிடித்திருக்கும். கழற்றிக் கிண்ணத்தோடு எடுத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, டப்பாவை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கண்ணாடியின் முகத்தில் விரல் படக்கூடாது, அலுமினியப் பூச்சு மேலேயே இருக்கிறது. சின்னக் கண்ணாடியைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடுங்கள். பிறகு குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டி, பழைய துளைகளுக்கு நேர் மேலே 25 மி.மீ.யில் மூன்று புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி விலகினாலும் கிண்ணம் சாய்ந்து உட்காரும், ஆகவே இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள். துளை போட்டதும் பிசிறை அரத்தால் தேய்த்து, ஈரத்துணியால் உள்ளே துடையுங்கள். ஒரு இரும்புத் துகள்கூட மிஞ்சக்கூடாது.

கண்ணாடிதான் வெளியே வந்துவிட்டதே, நாகர்கோவில் நண்பர் சொன்னபடி அப்போது கழுவிக்கொள்ளுங்கள். கிண்ணத்திலிருந்து பிரித்து, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் விட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அலசுங்கள். கடைசி அலசலுக்கு பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி டிஸ்டில்ட் வாட்டர் போதும். சாய்த்து வைத்து, தானாகக் காயவிடுங்கள்.

பதில் (யாழ்ப்பாணம்)

திரும்பப் பூட்டியதும் கொலிமேஷன் (இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேருக்குக் கொண்டுவருவது) செய்ய மறக்க வேண்டாம். லேசர் கருவி தேவையில்லை. ஃபோகசரின் தூசி மூடிக்கு நடுவே 2 மி.மீ. துளை போட்டு அதன் வழியே பாருங்கள். முதலில் சின்னக் கண்ணாடியைத் திருப்பி, பெரிய கண்ணாடியின் மூன்று பிடிகளும் ஒரே அளவு தெரியச் செய்யுங்கள். பிறகு பெரிய கண்ணாடியின் பின்பக்கத் திருகுகளால் சின்னக் கண்ணாடியின் நிழலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரவில் உங்கள் ‘வடை’யே சாட்சி: ஓட்டை நடுவில் இருந்தால் சரி, ஓரம் போனால் இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும்.

கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. துளை போட்டோம், கழுவினோம், பூட்டினோம். நேற்று இரவு 25 மி.மீ. ஐபீஸில் நிலா! குமிழ் இன்னும் 7 மி.மீ. உள்ளே போக இடம் மிச்சம். 10 மி.மீ.-க்கு மாற்றியபோது, வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் ஒரு பள்ளத்தின் நடுவே குட்டி மலை நின்றது. மகள் அதை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இன்னும் ஒரு தொல்லை: ஸ்டாண்டின் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது.

பதில் (யாழ்ப்பாணம்)

அது நம் ஊர்களுக்கே உரிய தொல்லை. இந்த ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். ஐரோப்பாவில் அது 50 பாகை உயரத்தில் நிற்கும். திருச்சியில் 11 பாகை கூட இல்லை, எங்களுக்கு 10-க்கும் கீழே. அச்சு படுத்துவிடுவதால் கம்பி நேரே காலில் போய் முட்டுகிறது. முக்காலியைத் திருப்பி, வடக்கே ஒரு கால் வராமல் இரண்டு கால்களின் இடைவெளி வரும்படி வைத்தால் தப்பிக்கலாம். ஆனால் பாரம் வடக்கே சாயும், கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியில் ஸ்டாண்டையே விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவின் ஜான் டாப்சன் வழியில், குழாயைத் தாங்கிச் சுழலும் எளிய மரப்பெட்டி செய்துகொண்டேன். 12 மி.மீ. பிளைவுட், அடியில் ஒரு மைக்கா தகடு, மூன்று டெஃப்லான் துண்டு. விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். குழாயின் வெளி விட்டத்தை அளந்து சொல்லுங்கள், வெட்டவேண்டிய அளவுகளை எழுதுகிறேன்.

கேட்டவர்

இன்று மாலை அளந்து எழுதுகிறேன். பிளைவுட் வீட்டிலேயே இருக்கிறது.