தேயிலைக் கொழுந்தைக் கண்ணாடியில் இறக்கப் போய் மணலோடு மல்லுக்கட்டுகிறேன்

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):

வணக்கம். தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீட்டுச் சாமியறைக் கதவுக்கு 5 மில்லிமீற்றர் கண்ணாடி போடப் போகிறோம். அதில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பனி படர்ந்ததுபோல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். கடையில் கொடுத்தால் ஒரே நாளில் செய்து தந்துவிடுவார்கள். ஆனால் அம்மா 30 வருடம் கிள்ளிய கொழுந்தை வேறு யாரோ வரைவதில் எனக்கு இஷ்டமில்லை.

அண்ணனின் கராஜில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற 2 குதிரைவலு கொம்பிரசர் (காற்றை அழுத்தித் தாங்கியில் அடைக்கிற இயந்திரம்) இருக்கிறது. மணலைக் குழாய் வழியாக உறிஞ்சி, அந்தக் காற்றோடு கண்ணாடியில் வீசி வெளுக்க வைக்கிற சிறிய துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். ஆற்று மணலை அலசி, வெயிலில் (வெயில் எங்கே, அடுப்படியில்தான்) காயவைத்து, நுளம்பு வலையில் சலித்தேன். பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டில் பெயின்ட்காரர்களின் காகித டேப்பை ஒட்டி, இலை வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். முதல் 10 வினாடி அழகாக வெளுத்தது. பிறகு துப்பாக்கி இருமத் தொடங்கியது. கொஞ்சம் மணல், கொஞ்சம் வெறுங்காற்று, கடைசியில் சேற்றுத் துளி. டேப் கந்தலாகி, இலை நுனி இருக்க வேண்டிய இடத்தில் மாவு சிந்தியதுபோல் ஒரு திட்டு.

5 குதிரைவலு கொம்பிரசர் இல்லாமல் இது நடக்காது என்கிறான் அண்ணன். அவனுக்குப் புதுக் கொம்பிரசர் மீது நெடுநாள் கண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் சொல்வது சரி?

பழைய போர்ட்காரர் (பதுளை):

தங்கச்சி, கொம்பிரசர் கிடக்கட்டும். முதலில் அந்த மணலைக் கொண்டுபோய்ப் பூந்தோட்டத்தில் கொட்டுங்கள். ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா. கண்ணாடியில் மோதி நொறுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்தால் மாற்ற மருந்தில்லை. பிரித்தானியாவில் வார்ப்பு இரும்பை இப்படி மணல் அடித்துச் சுத்தம் செய்வதை 1949ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நாங்களோ அதற்குப் பல வருடம் கழித்தும் ஒரு பட்டறையில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தோம். மாலையில் துப்பினால் சளி சாம்பல் நிறத்தில் வரும்.

மணலுக்குப் பதிலாக அலுமினியம் ஒக்சைட் தூள் வாங்குங்கள், 120 அல்லது 150 நம்பர் (துகளின் அளவைச் சொல்வது). விலை கூடத்தான், ஆனால் சலித்துச் சலித்துப் பல தடவை பாவிக்கலாம். திறந்த வெளியில் அடிக்காதீர்கள். பலகையில் ஒரு பெட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் இரண்டு ஓட்டை, அவற்றில் நீண்ட இறப்பர் கையுறைகள். அதற்குப் பிறகும் தூசிக்கான வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். துணி போதாது.

மிஸ்டிப் பாஸ் (நுவரெலியா):

துப்பாக்கி இருமியது நம் ஊர் ஈரத்தால். காற்றை அழுத்தும்போது சூடாகும், தாங்கியில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். தாங்கியின் அடியில் உள்ள திருகைத் திறந்து பாருங்கள், ஒரு கோப்பைத் தண்ணீராவது வரும். தினமும் வடித்துவிடுங்கள். துப்பாக்கிக்கு முன்னால் நீர் வடிகட்டி ஒன்று பூட்டுங்கள். கொம்பிரசருக்கும் வடிகட்டிக்கும் இடையில் குழாயை நீளமாக விட்டால் காற்று அங்கேயே ஆறிவிடும்.

அண்ணன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நான் இருப்பது 1868 மீற்றர் உயரத்தில். இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதே கொம்பிரசர் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் காற்றை இழுக்கும். உங்கள் ஊரில் இழப்பு இதைவிடக் கம்மி. ஆனாலும் பனிப் படலம் போன்ற வெண்மைக்கு 30, 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் தாராளம். துப்பாக்கி முனையில் சிறிய நொசிலைப் போட்டு, அரை நிமிடம் அடித்து, தாங்கி நிரம்பும்வரை தேநீர் குடியுங்கள்.

ஸ்டிக்கர் பொடியன் (ஹட்டன்):

அக்கா, காகித டேப் தாங்காது. ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற எந்தக் கடையிலும் தடித்த வினைல் (பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) இருக்கும். காலைக் குளிரில் ஒட்டாதீர்கள், பசை பிடிக்காது. கண்ணாடியைத் துடைத்து, கொஞ்சம் சூடுகாட்டி ஒட்டுங்கள். ஓரங்களையும் பின்பக்கத்தையும் மூட மறக்க வேண்டாம்.

இலை நரம்புகளை வினைலிலேயே விட்டுவிட்டால் அவை தெளிந்த கண்ணாடியாக நிற்கும். துப்பாக்கியை ஒரு சாண் தள்ளி, நேராகப் பிடித்து அசைத்துக்கொண்டே இருங்கள். சாய்த்துப் பிடித்தால் வினைலின் ஓரம் கிளம்பும். ஒன்று கேட்கிறேன்: கதவுக்கு வைப்பது டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று ஆற்றி உறுதியாக்கிய) கண்ணாடியா? அப்படியானால் மேலோட்டமாக மட்டும் அடியுங்கள். ஆழமாகக் குடைந்தால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும்.

கொழுந்துக்கூடை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாங்கியில் இருந்து வந்தது ஒரு கோப்பை இல்லை, அரை வாளி, துருப்பிடித்த தண்ணீர். அண்ணன் அதன் பிறகு 5 குதிரைவலு பற்றிக் கதைக்கவில்லை. பெட்டியைப் பழைய அலுமாரிப் பலகையில் செய்தோம். கண்ணாடி சாதாரணமானதுதான் தம்பி, டெம்பர் இல்லை.

நேற்று சிறு துண்டில் அடித்தேன். கத்தி முனையால் வினைலை உரித்தபோது நரம்புகூட முடிபோல் மெலிதாக நின்றது. தூசு போகட்டும் என்று வாளியில் அமிழ்த்தினேன். இலையைக் காணவில்லை! வெறும் கண்ணாடி. அழுகை வந்துவிட்டது. துடைத்து அடுப்புப் பக்கம் வைத்ததும் காம்பில் இருந்து நுனிவரை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஈரத்தில் மறையும் என்று ஒருவராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

அம்மா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இரண்டாவது இலை முற்றல், இதைக் கிள்ளினால் கங்காணி ஏசுவார்" என்றார். வேறு இலை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.