காலைல நாலு மணிக்கு மனசு பதறுது, எண்ணெய் தேய்ச்சா நிக்குமா?

கேட்_பூட்டினேனா:
வணக்கம். இத்தனை நாள் சும்மா படிச்சிட்டு போறவன், மொத தடவையா கேள்வி கேக்கறேன். எனக்கு பெரிய வியாதின்னு ஒண்ணும் இல்ல, வேலை இருக்கு, வீட்ல சண்டை கிடையாது, ஆனா காலைல நாலு நாலரைக்கு டக்குனு முழிப்பு வந்துடுது, வந்த உடனே நெஞ்சு படபடன்னு அடிக்குது. எதுக்குன்னு யோசிச்சா காரணமே இருக்காது, அப்புறம் நானே ஒரு காரணத்த தேடிப் புடிச்சுக்குவேன். நேத்து மேனேஜர் "சரி, பாக்கலாம்"னு சொன்னாரே, அந்த "பாக்கலாம்"க்கு என்ன அர்த்தம்னு ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்து ஆராய்ச்சி பண்ணிருக்கேன். அதே மாதிரி சாயங்காலம் ஆறு ஆறரைக்கு மேல இன்னொரு ரவுண்டு. ராத்திரி கேட் பூட்டினேனான்னு ரெண்டு தடவ போய் இழுத்துப் பாக்கறது தனிக்கதை, பேரப் பாத்தாலே தெரியும்.

ஃப்ரெண்டு ஒருத்தன் அஸ்வகந்தா பவுடர் சாப்பிடுன்னான். அத்தை தெனம் எண்ணெய் தேய்ச்சுக்கோன்னாங்க. வீடியோல பாத்தா நாக்கு வழிக்கணுமாம், மூக்குல எண்ணெய் விடணுமாம், விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணுமாம் (அதான் தெனம் எந்திரிக்கறேனே!). 14 ஐட்டம் லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன், இப்ப அந்த லிஸ்ட்ட பாத்தாலே பதட்டம் வருது. நெஜமா செஞ்சு பாத்தவங்க யாராவது சொல்லுங்க, எதுல ஆரம்பிக்கறது? பவுடர் டப்பா வாங்கியாச்சு, இன்னும் பிரிக்கல.

மூணாம்_டம்ளர்:
ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?

கேட்_பூட்டினேனா:
அஞ்சு. கடைசி காப்பி ஆறரைக்கு. ஏன்?

மூணாம்_டம்ளர்:
ஏன்னா கேக்கறீங்க? காஃபீன் உடம்புல பாதியா குறையவே சராசரியா ஒரு அஞ்சு மணி நேரம் ஆகும், ஆறரைக்கு குடிச்சதுல பாதி பதினொன்றரைக்கும் உள்ள சுத்திட்டு இருக்கும். மூலிகைய அப்புறம் பாக்கலாம். மத்தியானத்துக்கு மேல காப்பிய நிறுத்துங்க, ஆனா ஒரேடியா அஞ்சையும் விட்டுடாதீங்க, தலைவலி மண்டைய பிளந்துடும், நான் பட்டிருக்கேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு டம்ளர குறைச்சுட்டே வாங்க.

பழைய_சுவடி:
மேல சொன்னது கரெக்ட். நான் ஆயுர்வேத பக்கத்துலேர்ந்து சொல்றேன், நான் வைத்தியர் இல்ல, ஆனா பல வருஷமா விடாம செய்யறவன், புக்கும் கொஞ்சம் படிச்சவன்.

நீங்க சொன்ன ரெண்டு டைமும் பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். வாக்படர் எழுதின பழைய ஆயுர்வேத நூல் அஷ்டாங்க ஹிருதயம், அதுல மொத அத்தியாயத்துலயே வருது, வயசோட கடைசி, பகலோட கடைசி, ராத்திரியோட கடைசி, சாப்பாடு செரிச்சு முடியற கடைசி, இந்த நாலு நேரமும் வாதத்தோட நேரம்னு (வாதம், பித்தம், கபம்னு ஆயுர்வேதம் சொல்ற மூணு தோஷத்துல ஒண்ணு). உங்களுக்கு விடியக்காலை, சாயங்காலம். ஆயுர்வேதத்துல பதட்டத்த பொதுவா வாதக் கணக்குலதான் வெப்பாங்க, ஏன்னா வாதத்தோட குணம் என்னன்னு அதே புக்ல இருக்கு, வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, நுண்மை, அசைவு. ஒரு எடத்துல நிக்காம அலையற மனசு, தோல் வறண்டு, கை கால் சில்லுன்னு... எல்லாம் ஒரே குடும்பம். இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிளான லாஜிக்தான், எது இருக்கோ அதுக்கு எதிரானத குடு. வறட்சிக்கு எண்ணெய், குளிர்ச்சிக்கு சூடு, அலைச்சலுக்கு வேளை தவறாத ஒழுங்கு.

இந்த மூணாவதுதான் யாரும் கண்டுக்கறதில்ல. எல்லாரும் எந்த எண்ணெய், எந்த மூலிகைன்னுதான் கேப்பாங்க, எந்த நேரத்துக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. என் அனுபவத்துல ஒரே நேரத்துக்கு சாப்பிட்டு ஒரே நேரத்துக்கு படுத்தாலே பாதி அடங்கிடுது.

எண்ணெய்க்கு வரேன். ரெண்டாவது அத்தியாயத்துல அப்யங்கம், அதாவது எண்ணெய் தேய்ச்சுக்கறது, தெனம் செய்யணும், அதுலயும் தலை, காது, பாதம் மூணையும் முக்கியமா கவனின்னு சொல்லிருக்கு. நீங்க பாதத்துல ஆரம்பிங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கிண்ணத்துல ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் எடுத்து, அந்த கிண்ணத்த சுடுதண்ணில அஞ்சு நிமிஷம் வைங்க, நேரா அடுப்புல வெக்காதீங்க. மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கணும், சுடக்கூடாது. குதிகாலுக்கு கட்டைவிரல வெச்சு நல்லா அழுத்தி, கணுக்கால் மூட்டுக்கு வட்டமா, மேல்பாதத்துக்கு நீளவாக்குல, ஒவ்வொரு விரலையும் தனியா இழுத்து விட்டு, விரலிடுக்க விட்டுடாம. ஒரு காலுக்கு அஞ்சு நிமிஷம். அந்த பத்து நிமிஷம் ஃபோன தொட முடியாது, கை பூரா எண்ணெய், அதுவே பெரிய வைத்தியம்.

முடிச்சதும் துடைச்சிட்டு பழைய சாக்ஸ் போட்டுக்கோங்க. நான் ஆரம்பத்துல துடைக்காம பாத்ரூம் போயி டைல்ஸ்ல சறுக்கி முழங்கைய பேத்துக்கிட்டேன், மனசு அமைதியாறதுக்கு பதிலா பத்து நாள் கட்டு.

லீவு நாள்ல உடம்பு முழுக்க தேய்ங்க, கை கால் எலும்புக்கு நீளவாக்குல, மூட்டுக்கு வட்டமா, பதினஞ்சு இருபது நிமிஷம் ஊறி வெந்நீர்ல குளிங்க. சளி கட்டி இருக்கறப்ப, அஜீரணம் இருக்கறப்ப வேண்டாம்னு அதே எடத்துல இருக்கு. காய்ச்சல் அடிக்கறப்பவும் வேண்டாம்.

ஜோரா_அடி:
எல்லாம் பிளாசிபோ சார். பத்து நிமிஷம் கால அமுக்கி விட்டா யாருக்குத்தான் தூக்கம் வராது, அதுக்கு எதுக்கு வாதம் பித்தம் எல்லாம்?

பழைய_சுவடி:
கால அமுக்குனா தூக்கம் வரும்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அப்புறம் என்ன சண்டை 🙂 வாதம்ங்கறத மைக்ராஸ்கோப்புல காட்ட சொன்னா என்னால முடியாது, அது ஒரு கணக்கு வெக்கற முறை. அவருக்கு வேண்டியது தூக்கம், எந்த பேர்ல வந்தா என்ன.

லேப்கோட்_கழட்டியாச்சு:
பார்மசில ரொம்ப வருஷம் இருந்தேன், அதனால அந்த பிரிக்காத டப்பாவ பத்தி மட்டும் பேசறேன்.

அஸ்வகந்தா, நம்ம அமுக்கரா கிழங்குதான். சும்மா சொல்லக்கூடாது, இதுல ஆராய்ச்சி இருக்கு, 2012ல வந்த ஒரு ஆய்வுல மன அழுத்தம் இருந்த 64 பேர எடுத்து பாதிப் பேருக்கு வேர் எக்ஸ்ட்ராக்ட் 300 மில்லிகிராம் ரெண்டு வேளை 60 நாள், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை, எக்ஸ்ட்ராக்ட் சாப்பிட்டவங்களுக்கு டென்ஷன் நல்லாவே குறைஞ்சது. ஆனா கவனிங்க, அது அளவு பாத்து எடுத்த எக்ஸ்ட்ராக்ட், நீங்க வெச்சிருக்கற பவுடர் வேற சமாச்சாரம், ஒரு ஸ்பூன்ல எவ்ளோ சரக்கு இருக்குன்னு டப்பாவுக்கே தெரியாது. அதோட 64 பேருங்கறது சின்ன கூட்டம், ரெண்டு மாசத்துக்கு மேல சாப்பிட்டா என்னன்னு அதுல பதில் கிடையாது.

இப்ப என் வீட்டு கதை. என் தங்கச்சிக்கு இதே படபடப்பு, விடியக்காலை முழிப்பு, கை நடுக்கம். எனக்கு சொல்லாம யாரோ சொன்னாங்கன்னு அஸ்வகந்தா ஆரம்பிச்சா. மூணு வாரத்துல நெஞ்சடிப்பு ஜாஸ்தியாச்சு, எடையும் எறங்குச்சு. பிளட் டெஸ்ட் எடுத்தா அவளுக்கு தைராய்டு ஏற்கனவே ஓவரா சுரந்துட்டு இருந்திருக்கு. ஓவர் தைராய்டு வெளில பாக்க அப்படியே பதட்டம் மாதிரிதான் இருக்கும், அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோன ஏத்தி விடக்கூடிய சரக்கு, எரியற அடுப்புல விறகு வெச்ச கதை. நான் பார்மசில நின்னு ஊருக்கெல்லாம் சொன்னவ, வீட்ல கோட்ட விட்டேன்.

அதனால டப்பாவ பிரிக்கறதுக்கு முன்னாடி டிஎஸ்ஹெச்னு தைராய்டுக்கான பிளட் டெஸ்ட் ஒரு தடவ பாத்துடுங்க, ஹீமோகுளோபினும் சேத்து, ரத்தசோகைலயும் நெஞ்சு படபடக்கும். கர்ப்பமா இருக்கறவங்க, தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்ட்ட கேக்காம அஸ்வகந்தா பக்கமே போகாதீங்க. அபூர்வமாதான், ஆனா கல்லீரல் பாதிச்ச கேஸும் பதிவாகிருக்கு, சாப்பிட ஆரம்பிச்சப்புறம் மூத்திரம் டார்க்கா போனாலோ கண்ணு மஞ்சளானாலோ உடனே நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க.

நெட்ல கண்ணுல பட்டதெல்லாம் ஆர்டர் போடறவங்களுக்கு ஒண்ணு. 2008ல இன்டர்நெட்ல வித்த 193 ஆயுர்வேத மருந்த வாங்கி டெஸ்ட் பண்ணப்ப சுமார் அஞ்சுக்கு ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்துச்சு. எண்ணெய் தேய்க்கறது, வேளைக்கு தூங்கறது இதுல எல்லாம் இந்த தொல்லை இல்ல. உள்ள போற சரக்குக்குதான் பயப்படணும்.

ஜோரா_அடி:
பிரமி ஓகேவா அப்போ? மாமா பையன் பரீட்சைக்கு சாப்பிடறான்.

லேப்கோட்_கழட்டியாச்சு:
எந்த பிரமி? சில பேர் நீர்பிரமிய சொல்வாங்க, சில பேர் வல்லாரைய சொல்வாங்க, ரெண்டும் வேற வேற செடி. லேபிள்ல தாவரப் பேர பாருங்க, பக்கோபான்னா நீர்பிரமி, சென்டெல்லான்னா வல்லாரை. நீர்பிரமி வெறும் வயித்துல போனா சில பேருக்கு வயித்த பெரட்டும், லூஸ் மோஷனும் ஆகும், பரீட்சை அன்னைக்கு புதுசா ட்ரை பண்ண வேண்டாம்னு சொல்லுங்க.

மூச்சு_முட்டின_முத்து:
நான் மூச்சுப்பயிற்சி பத்தி சொல்றேன் ஏன்னா எனக்கு அதுலதான் அடி. பதட்டத்துக்கு பிராணாயாமம்னு கேள்விப்பட்டு வீடியோ பாத்து கபாலபாதி ஆரம்பிச்சேன், வயித்த உள்ள இழுத்து படக் படக்னு விடுவாங்களே அது. ரெண்டாவது நாளே தலை சுத்தி, விரலெல்லாம் மரத்து, சாகப்போறேன்னு நெனச்சு வீட்ல எல்லாரையும் எழுப்பிட்டேன். அப்புறம் தெரிஞ்சவங்க விளக்குனாங்க, வேக வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு எறங்கி அப்படி மரத்துப் போகும்னு. ஏற்கனவே பதறிட்டு இருக்கற ஆளுக்கு கபாலபாதி, அதே மாதிரி வேகமா மூச்சு விடற பஸ்திரிகா, ரெண்டும் ஆரம்பத்துல வேண்டாம்.

இப்ப செய்யறது நாடிசுத்தி மட்டும். வலது மூக்க கட்டைவிரலால மூடி இடதுல இழுத்து, இடத மூடி வலதுல விட்டு, வலதுல இழுத்து இடதுல விடறது, அவ்ளோதான். மூச்ச நிறுத்தி வெக்கறது கிடையாது. இழுக்கறப்ப மனசுக்குள்ள நாலு எண்ணுவேன், விடறப்ப ஆறு. அப்படின்னா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். விடற மூச்சு நீளமானா இதயத்துடிப்பு தானா கொஞ்சம் எறங்கும், நாடி புடிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும். நாலு மணிக்கு முழிப்பு வந்தா எந்திரிச்சு உக்காந்து இத பத்து சுத்து பண்ணுங்க, படுத்துட்டே யோசிக்காதீங்க, மல்லாந்து படுத்தா மேனேஜர்தான் வருவாரு.

பழைய_சுவடி:
முத்து சொன்ன "படுத்துட்டே யோசிக்காதீங்க"வுக்கு சரகர்ட்ட (அவரும் பழைய ஆயுர்வேத நூல் ஆசிரியர்தான்) ஒரு பேரே இருக்கு, சத்வாவஜயம். வைத்தியம் மூணு வகைன்னு பிரிக்கறார், தெய்வத்த நம்பி செய்யறது, மருந்து உணவால யுக்தியா செய்யறது, மூணாவது மனச கெடுதலான விஷயத்துலேர்ந்து திருப்பறது. அந்த மூணாவதுதான் இது. லிஸ்ட்டு போட்டு 14 ஐட்டம் செய்யறது அதுக்கு நேர் எதிர்.

இன்னொண்ணு, அஷ்டாங்க ஹிருதயத்துல அடக்கக்கூடாத வேகம்னு, அதாவது உடம்புல தானா வர்ற உந்துதல்னு, 13 சொல்லிருக்கு, பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல் இப்படி போகுது, அதுல கண்ணீரும் ஒண்ணு. நீங்க ஆம்பளைன்னு நெனைக்கறேன், அதனால சொல்றேன். அழுகை வந்தா அழுதுடுங்க, யாரும் பாக்கலன்னா இன்னும் நல்லது.

மூணாம்_டம்ளர்:
ஒரே ஒரு விஷயம் சீரியஸா. இது வாரக்கணக்குல தெனம் இருந்து, வேலைய சாப்பாட கெடுக்க ஆரம்பிச்சா, இல்ல வாழ்க்கையே வேண்டாம்னு ஒரு நெனப்பு எட்டிப் பாத்தாகூட, எண்ணெய் கிண்ணத்த வெச்சிட்டு டாக்டர்ட்ட போங்க. பதட்டத்த அளக்க ஜிஏடி-7ன்னு 7 கேள்வி இருக்கு, மொத்தம் 21 மார்க், 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கட்டாயம் யார்ட்டயாவது காட்டுங்க. மாத்திரை குடுத்தா பயப்படாதீங்க, மாத்திரையும் சாப்பிட்டு காலும் தேய்க்கலாம், ஒண்ணுக்கொண்ணு சண்டை கிடையாது.

கேட்_பூட்டினேனா:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. டிஎஸ்ஹெச் நார்மல், ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி, டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்திருக்கார். ஜிஏடி-7ல 9 வந்துச்சு, அதையும் அவர்ட்ட காட்டுனேன், ஒரு மாசம் பாத்துட்டு திரும்ப வர சொன்னார். பவுடர் டப்பா இன்னும் பிரிக்கல, ஃப்ரெண்டு கேட்டான், பொய் சொல்லிட்டேன்.

காப்பி ரெண்டுல நிக்குது, ரெண்டும் மத்தியானத்துக்குள்ள. பத்தரைக்கு கால் தேய்ச்சு பதினொண்ணுக்கு படுக்கறேன், இதுவரைக்கும் நாலு நாள்தான் விட்டுப்போச்சு. நாலு மணி முழிப்பு போகல, ஆனா தெனம் வரதில்ல, வாரத்துல ரெண்டு மூணு நாள், வந்தாலும் உக்காந்து மூச்சு எண்ணுனா பத்து சுத்துக்குள்ள கொட்டாவி வந்துடுது. கேட் இப்பவும் ஒரு தடவ இழுத்துப் பாக்கறேன், எண்ணெய் கையோட போனா தாழ்ப்பாள் வழுக்குது, அதனால ரெண்டாவது தடவ போறதில்ல.

ஒரு சந்தேகம் மட்டும். எண்ணெய் துடைக்கற டவல்ல ஒரு மக்கு வாடை வருது, எத்தனை தடவ தொவச்சாலும் போகல, வீட்ல திட்டறாங்க. என்ன பண்றது?

பழைய_சுவடி:
நல்ல டவல வீணாக்காதீங்க, பழைய காட்டன் பனியன கிழிச்சு வெச்சுக்கோங்க, பிசுக்கு ஏறுனா தூக்கிப் போட்டுடலாம். டவல்தான் வேணும்னா அன்னன்னைக்கே சுடுதண்ணில சோப்பு போட்டு ஊற வைங்க, ரெண்டு நாள் விட்டா எண்ணெய் காறிப் போயிடும், அந்த வாடை போகாது. ட்ரையர்ல மட்டும் போடாதீங்க, எண்ணெய் ஊறின துணி சூட்டோட சுருண்டு கெடந்தா தானா பத்திக்கும். கொடில காயப் போடுங்க.