டா வின்சி கோட், 58ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது: தொடரலாமா, மூடிவிடலாமா?

நடுப்பக்கம்:
டான் பிரவுனோட டா வின்சி கோட் (2003), ஆங்கிலப் பதிப்பு. மொத்தம் 105 அத்தியாயம். லூவர் அருங்காட்சியகக் கொலையிலிருந்து 50 அத்தியாயம் வரைக்கும் ஓட்டமா போச்சு. டீபிங்னு ஒரு வரலாற்றறிஞர், அவர் வீட்டுக்குள்ள வந்ததும் படுத்துடுச்சு. ஒருத்தர் பாடம் எடுக்கறார், மத்த ரெண்டு பேரும் கேட்டுட்டு இருக்காங்க. முன்னாடியே ‘உண்மை’ன்னு தலைப்பு போட்டு ஒரு பக்கம் இருக்கே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுக்கு மேல படிக்கணுமா? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.

சுவடிக்கட்டு:
அந்த ‘உண்மை’ப் பக்கத்தில் இருந்தே தொடங்குங்கள், கோளாறு அங்கேதான். ப்ரியரி ஆஃப் சயன் 1099இல் தோன்றிய ரகசிய அமைப்பு என்கிறது அது. அந்தப் பெயரில் பதிவான அமைப்பு 1956இல் பிரான்சின் ஆன்மாஸ் ஊரில் பியர் ப்ளான்டார் என்பவரும் கூட்டாளிகளும் தொடங்கியது. பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடைத்ததாகச் சொல்லும் ‘ரகசிய ஆவணங்கள்’ 1960களில் அவர்கள் தரப்பே தயாரித்துக் கொண்டுபோய் வைத்தவை. நியூட்டன், லியனார்டோ என்று நீளும் அமைப்புத் தலைவர் பட்டியலும் அந்த ஆவணங்களில் இருந்து வந்ததுதான்.

அடுத்தது நீங்கள் தாண்டி வந்த 55ஆம் அத்தியாயம். கி.பி. 325இல் கிறித்தவ ஆயர்கள் கூடிய நீசியா சங்கத்தில்தான் இயேசுவைக் கடவுள் என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள், அதுவும் நெருக்கமான வாக்கு என்கிறார் டீபிங். அங்கே நடந்த சண்டை வேறு. எதிர்வாதம் வைத்த பாதிரியார் ஆரியுஸின் தரப்பும் இயேசுவை வணங்கியது. மகன் தந்தையோடு ஒரே தன்மை உடையவரா, படைக்கப்பட்டவரா என்பதே வழக்கு. கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். பைபிளில் எந்த நூல்களைச் சேர்ப்பது என்பதை அந்தச் சங்கம் முடிவு செய்யவே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே வரும் பழைய பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய மடலில் இருக்கிறது.

பென்சில்குறி:
நண்பரே, அவசரப்பட்டு மூடாதீங்க. இது துரத்தல் கதை. அத்தியாயங்கள் பெரும்பாலும் சின்னது, கடைசி வரியில ஒரு கொக்கி இருக்கும். 60 முடியும்வரை பேச்சைத் தாண்டிடுங்க. 61லேர்ந்து ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பத்தி, கடைசி அரைப் பக்கம் மட்டும் பாருங்க. யார் எங்கே போறாங்கன்னு தெரிஞ்சிடும். பத்து அத்தியாயம் இப்படிப் போயும் நடுவுல என்ன இருக்குன்னு தேடத் தோணலேன்னா, அப்போ மூடுங்க.

சுவடிக்கட்டு:
வேறு நாவலுக்கு இந்த வழி சரி. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. துரத்தலின் முடிவில் கிடைக்க வேண்டிய விடையே டீபிங் நடத்தும் பாடம்தான். பாடத்தில் நம்பிக்கை போய்விட்டால் ஓட்டத்துக்குக் காரணமே இல்லை. மதமர்மக் கதை பொதுவாக விழுவது இந்த இடத்தில்தான்: கொலைகாரன் யார் என்ற கேள்வியை வரலாற்றுக் கேள்வியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வரலாற்றை இளக்கமாக விட்டுவிடுவது.

புதிர்களாவது நிற்கின்றனவா என்று பாருங்கள். விமானத்தில் ஒரு பெட்டியின் பூச்செதுக்கலுக்கு அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். ஹார்வர்ட் பேராசிரியரான கதாநாயகனும் வரலாற்றறிஞர் டீபிங்கும் ஏதோ செமிட்டிய மொழியோ என்று திணறுகிறார்கள். அது கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டிய ஆங்கிலம். லியனார்டோவின் குறிப்பேடுகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகூட முதலில் அறியும் செய்தி அது! ரகசியச் செய்தியைப் பூட்டி வைக்கும் உருளையான கிரிப்டெக்ஸும் அப்படித்தான். ஐந்து எழுத்துச் சக்கரம், 26இன் ஐந்தாம் அடுக்கு, 1,18,81,376 சேர்க்கைகள். இந்தக் கணக்கு சரி. உடைத்தால் உள்ளே இருக்கும் வினிகர், செய்தி எழுதிய பாப்பிரஸ் என்ற நாணல் தாளைக் கரைத்துவிடும் என்பது சரியில்லை. பாப்பிரஸ் செல்லுலோஸ் நார், சமையல் வினிகரில் நனையுமே தவிரக் கூழாகாது. மை வேண்டுமானால் கலையலாம்.

நடுப்பக்கம்:
58ல டீபிங் பிலிப்பு நற்செய்தியை வச்சு மகதலேனா மரியாளை இயேசுவோட மனைவின்னு சொல்றாரே. அந்த நூல் நிஜமா இருக்கா? ‘துணைவி’ங்கற வார்த்தைக்கு அராமிக்ல மனைவின்னு அர்த்தம்னு வருது.

சுவடிக்கட்டு:
நூல் நிஜம். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஒரு ஜாடியில் கிடைத்த, கோப்திய (பழைய எகிப்திய) மொழி ஏடுகளில் ஒன்று. அராமிக் மூலம் நம்மிடம் இல்லை. கையில் இருப்பது கோப்தியப் பிரதி, அந்த இடத்தில் வரும் சொல் ‘கொய்னோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல். கூட்டாளி, பங்காளி, உடன் இருப்பவர் என்ற பொருளிலும் வரும். மனைவி என்று மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது.

முத்தம் பற்றிய வரியில் ஏடே சிதைந்திருக்கிறது. ‘அவளுடைய’ என்பதற்கு அடுத்து, எங்கே முத்தமிட்டார் என்று வரவேண்டிய சொல் இருந்த இடம் ஓட்டை. ‘வாய்’ என்பது பதிப்பாசிரியர்களின் ஊகம், அதனால்தான் நல்ல மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். டீபிங் அந்த அடைப்பைத் தூக்கிவிட்டு வாசிக்கிறார். எனக்கு இந்த நாவலில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். பதினாறு நூற்றாண்டு தாண்டி வந்த ஏட்டில் இருக்கும் அந்த ஓட்டை, எந்தக் கொலையையும் விடப் பெரிய மர்மம்.

பென்சில்குறி:
அப்படின்னா என் யோசனையை மாத்திக்கறேன். 60 முடிச்சு அங்கேயே நிறுத்துங்க. பாதி அத்தியாயத்தில விட்டா மனசு அரிக்கும், அங்கே விட்டா டீபிங் சொல்ல வந்த வாதம் முழுசாகி இருக்கும். அப்புறம் பிலிப்பு நற்செய்தி, அடைப்புக்குறி போட்ட பதிப்பா பார்த்து எடுங்க, சின்ன நூல்தான். நாவலாவே வேணும்னா உம்பர்த்தோ எக்கோவோட ஃபூக்கோஸ் பெண்டுலம் (1988). சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்கள், ரகசியச் சங்கம் எல்லாம் இதிலும் உண்டு. ஆனா மிலன் பதிப்பகத்துல வேலை பார்க்கற மூணு பேர் இல்லாத சதியைத் தாங்களே கட்டறாங்க, அதை நம்பறவங்க தேடி வர்றாங்க. முதல் 100 பக்கம் கடினம், அகராதி பக்கத்துல இருக்கட்டும்.

நடுப்பக்கம்:
60 வரைக்கும் போறேன். இன்னும் ரெண்டு அத்தியாயம்தானே.