கெட்டிமேளம் கொட்டும்போது ஃபிளாஷ் அணைந்துவிடுகிறது. குறை செல்லிலா, ஃபிளாஷிலா?

கேள்வி:
கல்யாணப் படம் எடுக்கிறேன், 4 ஏஏ செல் போடும் ஃபிளாஷ். பழைய நிக்கல் செட் (2000 எம்ஏஎச்) ரொம்ப மந்தமாகிவிட்டதால், யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல் வாங்கினேன். மேலே 3000 என்று போட்டிருந்தது. காலையில் பளீர் பளீர் என்று அடித்தது. தாலி கட்டும்போது முழு பவரில் ஏழெட்டு முறை அடுத்தடுத்து அடித்தேன், பொசுக்கென்று அணைந்துவிட்டது! பேட்டரி குறி முழுசாகவே இருந்தது. செல்லைக் கழற்றி, கொஞ்சம் ஆறவிட்டு மாட்டினால் திரும்ப வருகிறது. ஃபிளாஷ் போச்சா?

பதில்:
ஃபிளாஷ் மேல் எனக்குச் சந்தேகமில்லை. அந்த 3000 எம்ஏஎச்சா, எம்டபிள்யூஎச்சா?

கேட்டவர்:
எம்டபிள்யூஎச். கவனிக்கவே இல்லை அண்ணா.

பதில்:
எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கினால் வருவதுதான் எம்டபிள்யூஎச், அதாவது செல்லின் மொத்த ஆற்றல். அதனால் 1.5 வோல்ட்டால் வகுங்கள், 2000 எம்ஏஎச்தான். உங்கள் பழைய நிக்கல் செல் 1.2 வோல்ட், 2000ஐ அதால் பெருக்கினால் 2400 எம்டபிள்யூஎச். புதுசு அதிகம்தான், ஆனால் நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. அதைவிட முக்கியம், லித்தியம் செல்லுக்குள் 3.7 வோல்ட்டை 1.5 ஆக இறக்கும் குட்டி சர்க்யூட் இருக்கிறது. ஃபிளாஷில் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் நிரம்பும்போது பல ஆம்பியர் இழுக்கும், அடுத்தடுத்து அடித்தால் அந்தச் சர்க்யூட் சூடேறித் தன்னையே நிறுத்திக்கொள்ளும். வோல்ட் கடைசிவரை இறங்காததால் பேட்டரி குறியும் ஏமாந்துபோகும். நிக்கல் செல் கேட்ட கரண்டைக் கொடுக்கும், தீரும்போதும் மெதுவாகி, சொல்லிவிட்டுத்தான் போகும்.

இன்னொருவர்:
பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. நான்கும் தொடராக இருப்பதால் ஒன்று நொந்தாலும் எல்லாமே மந்தமாகும். முப்பது தடவை அடித்துவிட்டு மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம், அதே அளவில் இருக்கிறதே என்று 3.7 வோல்ட் 14500 லித்தியம் செல்லை மாட்டிவிடாதீர்கள், நான்கு சேர்ந்தால் 14.8 வோல்ட், அப்போது நிஜமாகவே ஃபிளாஷ் போகும்.

கேட்டவர்:
பார்த்தேன். மூன்று 1.24 பக்கம், ஒன்று மட்டும் 0.98! அதற்குப் பதில் புதுசு ஒன்று போட்டால் போதுமா?

இன்னொருவர்:
கலக்காதீர்கள், நான்காகவே வாங்குங்கள். மார்க்கரில் எண் போட்டு, ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் சார்ஜரில் போடுங்கள். எனலூப் (நிக்கல் செல் பிராண்டு) வாங்கினால் 2000 எம்ஏஎச் போதும். ப்ரோவில் 2500க்கு மேல் இருக்கும், ஆனால் 500 தடவை சார்ஜ் என்றுதான் கணக்கு, சாதாரண எனலூப்புக்கு 2100 தடவை.

கேட்டவர்:
சரிண்ணே. 2000இலேயே இரண்டு செட் சொல்லிவிட்டேன். லித்தியம் இப்போது ட்ரிகரில் (ஃபிளாஷை வயரில்லாமல் அடிக்கவைக்கும் கருவி) ஓடுகிறது, அங்கே ஒரு வம்பும் இல்லை.