உறைந்த சாசேஜ் வாணலியில் பிளந்துவிடுகிறது

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். 1973இல் தொடங்கப்பட்டு, கூத்தாட்டுக்குளத்தில் இயங்கிவரும் கேரள அரசு நிறுவனமான மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் கோழி சாசேஜை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள். நேற்று நான் அவசரத்தில் கல்லாக உறைந்திருந்ததை அப்படியே காய்ந்த எண்ணெயில் போட்டுவிட்டதால், தோல் பிளந்து, வெளியே கருகி, நடுவில் சில்லென்றே இருந்தது. எப்படிச் சமைப்பது?

பதில் (சித்தூர்):
அக்கா, முந்தைய இரவே பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நான் அரை டம்ளர் தண்ணீரில் மிதமான தீயில் மூடி வேகவைத்து, தண்ணீர் வற்றிய பின் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்துடன் மெல்லப் புரட்டுவேன். தோல் சற்றும் கிழியாது.

பதில் (குமுளி):
நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட், வெந்த பிறகும் இறைச்சியை இளஞ்சிவப்பாகவே வைத்திருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே பாக்கெட்டைக் கீழே எடுத்து வைக்கிறேன்.