மறு: அளவு மாற்றிப் போடும் டயருக்கு ஒரு சொல்

அன்புள்ள குழு உறவுகளுக்கு,

வண்டியோடு வந்த ரிம்மைக் கழற்றிப் பெரிய ரிம்மோடு போடும் 'பிளஸ் சைஸ்' டயருக்கு 'மேலளவு' என்ற தமிழ்ச் சொல்லை முன்வைத்த ஐயாவுக்கு முதலில் நன்றி. இந்தப் பொருளை யாராவது எடுக்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். திருகோணமலையில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல் இல்லாமல் ஒரு பாடம் அப்படியே நிற்கிறது.

> மேலளவு என்றால் யாருக்கும் விளங்கும். கடைக்காரர் 'அப்சைஸ்' என்று சொல்வதும் இதைத்தானே?

விளங்கும் ஐயா. ஆனால் பிழையாக விளங்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் மீண்டும் திறக்கும்வரை, இருந்த வண்டியைத்தான் எல்லோரும் பழுது பார்த்து ஓட்டினோம். கேட்ட அளவு டயர் கடையில் இல்லாவிட்டால் அடுத்த அளவைப் போடுவது அந்தக் காலத்தில் நன்றாக ஊறிவிட்டது. உப்புவெளிப் பக்கம் ஒரு டயர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "155/65 ஆர்14 இல்லை தம்பி, 175/65 ஆர்14 இருக்கு. அதே ரிம்முக்கு இறங்கும். 65உம் மாறேல்ல, உயரம் அதேதான்" என்ற பேச்சு காதில் விழும்.

அங்கேதான் பிழை. 65 என்பது உயரம் அல்ல, ரிம்முக்கு வெளியே நிற்கும் பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் நூற்றுக்கு 65 என்பதுதான். 155 மில்லிமீற்றர் அகல டயரின் பக்கச்சுவர் 100.75 மில்லிமீற்றர். 175க்கு அது 113.75. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் 14 அங்குல ரிம், அதாவது 355.6 மில்லிமீற்றர். கூட்டினால் முதல் டயரின் முழு விட்டம் 557.1, இரண்டாவதன் விட்டம் 583.1. கிட்டத்தட்ட 4.7 சதவீதம் கூடிவிட்டது. விட்டம் மாறுவதற்கு டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை 3 சதவீதம்.

இந்த வித்தியாசம் முதலில் தெரிவது வேகமானியில். சில்லு ஒருமுறை சுற்றும்போது வண்டி முன்பைவிடக் கூடத் தூரம் போகிறது, மானிக்கோ சுற்று மட்டும்தான் கணக்கு. அதுவரை சரியாகக் காட்டிய மானி 70இல் நிற்கும்போது வண்டி 73ஐத் தாண்டி ஓடும். ஓடிய தூரத்தையும் குறைத்தே காட்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் இரவில் யானை குறுக்கே வந்தால், பிரேக் பிடிக்கும் தூரத்தில் அந்த மூன்று கிலோமீற்றர் வேகமும் சேரும். இது தவிர, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்காட்டின் உள்பக்கத்தில் உரசலாம். பின் ஆசனத்தில் மூன்று பேர் ஏறினால் சில வண்டிகளில் நேர் ஓட்டத்திலும் உரசும்.

இதே வண்டிக்கு 165/55 ஆர்15 போட்டால்? பக்கச்சுவர் 90.75, ரிம் 381, முழு விட்டம் 562.5. ஒரு சதவீதம்கூட மாறவில்லை. ரிம் பெரிதாகியது, பக்கச்சுவர் சிறுத்தது, வெளி விட்டம் நின்ற இடத்தில் நின்றது. 'பிளஸ் சைஸ்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். 'மேலளவு' என்ற சொல்லில் இந்தச் சங்கதி எங்கே? கேட்பவர் பெரிய டயர் என்று நினைத்து, அந்த 175ஐத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

இன்னொரு காரணமும் உண்டு. மாற்றம் எப்போதும் மேல்நோக்கியே போவதில்லை. ஹொண்டா வெசெல் கார் வைத்திருப்பவர்கள் சிலர் 215/55 ஆர்17ஐக் கழற்றிவிட்டு 215/60 ஆர்16க்கு இறங்குகிறார்கள். முதலாவதன் விட்டம் 668.3, இரண்டாவதன் விட்டம் 664.4. இரண்டுமே அந்த வண்டிக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவுகள். பக்கச்சுவர் 118இலிருந்து 129ஆக உயர்வதால் குழியில் விழுந்தால் ரிம் தப்பும். குழி நிறைந்த ஊர்ப் பாதைகளில் ஓடுகிறவருக்கு இது நல்ல முடிவு. சின்ன ரிம்முக்குள் பிரேக் கலிப்பர் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். இதை 'மேலளவு' என்று எப்படிச் சொல்வது? 'கீழளவு' என்று இன்னொரு சொல் செய்தால் ஒரே கருத்துக்கு இரண்டு சொல்லாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: எது மாறுகிறது என்பதைச் சொல்லாமல், எது மாறக்கூடாது என்பதைச் சொல் சொல்லட்டும். மாறக்கூடாதது வெளி விட்டம். அதனால் நிகர்விட்டம். 'நிகர்விட்ட டயர்', 'நிகர்விட்ட அளவு' என்று ஒட்டியும் எழுதலாம். தொழிற்சாலை அளவிலிருந்து வேறான எந்த அளவுக்கும் பொதுச்சொல்லாக மாற்றளவு இருக்கட்டும். அப்போது "175/65 ஆர்14 மாற்றளவுதான், ஆனால் நிகர்விட்டம் இல்லை" என்று ஒரு கராஜ் பாஸ் தன் உதவியாளுக்குச் சொல்ல முடியும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வசனம்.

'சமவிட்டம்' ஏன் ஆகாது என்று கேட்டிருந்தீர்கள். சமபக்க முக்கோணி படித்த பிள்ளைக்குச் 'சம' என்றால் துல்லியமாக ஒன்று. 557.1உம் 562.5உம் சமம் என்று எழுதினால் கணித ஆசிரியர் குறுக்கே கோடு போடுவார். 'நிகர்' ஒப்பாக நிற்பதைக் குறிக்கிறது, எல்லைக்குள் சிறிய வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கிறது.

'நிகர்' என்றால் 'நிகர லாபம்' நினைவுக்கு வருகிறது என்றார் சென்னை நண்பர். இலங்கைக் கணக்கியல் நூல்களில் அது 'தேறிய இலாபம்'. எனவே எங்கள் பக்கம் அந்தக் குழப்பம் இல்லை. உங்கள் பக்கமும் 'நிகரற்ற', 'தன்னிகரில்லாத' என்று நாள்தோறும் சொல்கிறீர்கள், அங்கே யாரும் இலாபத்தை நினைப்பதில்லையே. இன்னொரு சொல்லான 'ஈட்டளவு' எனக்கு ஒலியில் பிடிக்கும். ஆனால் ஈடு என்றவுடன் இங்கே காணி உறுதியும் வங்கியும்தான் மனதில் வரும்.

கிண்ணியாச் சகோதரி எழுப்பிய கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது. விட்டம் நிகராக இருந்தால் போதுமா? போதாது. மீன் ஏற்றிக் கொழும்புக்கு ஓடும் ஹைஏஸ் வானுக்கு 195/80 ஆர்15, சுமைச் சுட்டெண் 107. அதாவது ஒரு டயர் 975 கிலோ தாங்கும். அதற்குப் பதில் ஜீப்புக்கு வரும் 215/75 ஆர்15, சுட்டெண் 100 போட்டால் விட்டம் 693க்கு 703.5, ஒன்றரைச் சதவீத வேறுபாடுதான். ஆனால் தாங்குவது 800 கிலோ. பனிக்கட்டியும் மீன் பெட்டியும் ஏற்றி வெயிலில் நீண்ட தூரம் ஓடும்போது அந்த டயர் சூடேறி வெடிக்கலாம். பக்கச்சுவரில் பெரிய எழுத்து அளவுக்கு அடுத்து நிற்கும் அந்தச் சிறிய எண்ணை வாங்குபவர் எவரும் பார்ப்பதில்லை. இவ்வளவையும் ஒரு சொல்லுக்குள் திணிக்க முடியாது, வரைவிலக்கணத்தில் கட்டாயம் வரவேண்டும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வரி. மார்கழி மழையில் தண்ணீர் நிற்கும் வீதியில் அகல டயர் ஒடுங்கிய டயரைவிடச் சீக்கிரம் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். நிகர்விட்டம் பார்த்து வாங்கினாலும் தேவைக்கு மேல் அகலம் வேண்டாம் என்று பாடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சொற்றொகுதிக்கு என் வரைவு:

நிகர்விட்டம்: தொழிற்சாலை அளவிலிருந்து ரிம் விட்டமோ அகலமோ பக்கச்சுவர் விகிதமோ (65, 55 போன்ற எண்) வேறுபட்டு, முழு வெளி விட்டம் 3 சதவீதத்துக்குள் ஒத்திருக்கும் டயர் அளவு. சுமைச் சுட்டெண்ணும் வேகக் குறியும் (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) தொழிற்சாலை அளவுக்குக் குறையாதிருக்க வேண்டும். ரிம்மின் அகலம் அந்த டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

'பக்கச்சுவர் விகிதம்' எனக்கே நீளமாகப் படுகிறது. இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இப்படியே பாடக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.