கூரைக்கு மேல் ஓடுவது யார்?

போன வருடம் பத்து நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஃபால்ஸ் சீலிங்கில் தடதடவென்று ஓட்டம். எலி இவ்வளவு கனமாக ஓடாது. பூனை என்றால் ஒரு தடவையாவது கத்தியிருக்கும். மாமியார் பேய் என்றார். கணவர் தண்ணீர்க் குழாய் என்றார். குழாய் ஓடுமா என்று கேட்டேன், பதில் இல்லை.

மொட்டை மாடி மூலையில் பழக்கொட்டைகளாக நிறைந்த எச்சம் தினமும் அதே இடத்தில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்தவர் ஒருவர் மரநாய் என்றார். பெயரில்தான் நாய். உண்மையில் புனுகுப்பூனைக் குடும்பம். பகலெல்லாம் இருட்டான இடுக்கில் தூங்கும், ராத்திரியானால் பழமும் எலியும் தேடிக் கிளம்பும்.

சரி, கிளம்பிப் போனதும் ஓட்டையை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டோம். ஒரு நாள் அது சுவர் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, கணவர் பலகை வைத்து ஆணி அடித்தார். அரை மணி நேரம் ஒரே பெருமை. அப்புறம் மேலேயிருந்து மெல்லிய கீச்சுக்குரல். ஒன்று இல்லை, மூன்றோ நாலோ.

இரண்டு மணிக்குத் தாய் திரும்பி வந்தது. பலகையைப் பிறாண்டுகிறது, கடிக்கிறது, கொஞ்சம் நிறுத்துகிறது, மறுபடி பிறாண்டுகிறது. ஏணியில் ஏறிப் பிடுங்கலாம் என்றால் அது இடத்தை விட்டு நகரவே இல்லை. கணவர் ஒரு படி ஏறினார், அது பல்லைக் காட்டிச் சீறியது, இவர் இரண்டு படி இறங்கினார். குட்டி உள்ளே இருக்கும்போது குச்சியோடு கிட்டப் போவதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை. மாடி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கீழே வந்து காத்திருந்தோம். ஆள் நடமாட்டம் அடங்கியதும் அது பின்பக்கச் சுவருக்குப் போனது. அந்த ஐந்து நிமிடத்தில் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

குட்டிகள் வளர்ந்து தாயோடு வெளியே போகும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினோம். ஓட்டம் நின்ற பிறகும் அவசரப்படவில்லை. ஓட்டை வாசலில் மாவு தூவி வைத்தோம். மூன்று காலை தொடர்ந்து தடம் எதுவும் இல்லை என்றான பிறகுதான் கம்பிவலை.

உங்கள் வீட்டுக்கு இப்படி விருந்தாளி வந்த கதை இருந்தால் சொல்லுங்கள்.

* * *

உங்கள் கதை நல்லபடியாக முடிந்தது அக்கா. எங்கள் கதை அப்படி இல்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பாம்பு. பழுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். என் அண்ணன் பார்த்த உடனே கட்டுவிரியன் என்று அடித்துவிட்டான். பிறகு பாம்பு பிடிக்கும் ஒருவரிடம் போட்டோவைக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இது ஓநாய்ப் பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள், விஷம் கிடையாது, பல்லி பிடிக்க வந்திருக்கும் என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்த வித்தியாசம்: ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருக்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு, தலைப்பக்கம் மங்கல், வால்பக்கம் தெளிவு. முதுகின் நடுவரிசைச் செதில்களும் அதற்குப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இதெல்லாம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் உதவும். ஈரத் தரையில் இரண்டடி தள்ளி நின்று பட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அண்ணனை முழுசாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு அவரையே கூப்பிட்டிருக்கலாம். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள்தான் நிறைய.

நிஜமான கட்டுவிரியன் பற்றி ஒன்று. அது ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி, கண் இமை தானாகச் சரிவது. இதை அஜீரணம் என்று நினைத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போவதுதான் ஒரே வழி. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கொசுவோடு இதுவும் உள்ளே வராது.

* * *

எங்கள் வீட்டில் வௌவால். படுக்கையறையில் சுற்றிச் சுற்றிப் பறந்தது. நாங்கள் ஐந்து பேரும் போர்வைக்குள். மகள்தான் உருண்டு போய் மின்விசிறியை நிறுத்தினாள், இல்லாவிட்டால் அதன் கதி அவ்வளவுதான். விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்தோம், பத்து நிமிடத்தில் தானாகப் போய்விட்டது. விரட்ட வேண்டியதே இல்லை.

* * *

மேலே வௌவால் பற்றிச் சொன்னவருக்கு: வெறுங்கையில் மட்டும் பிடித்துவிடாதீர்கள். வௌவாலோடு நேரடித் தொடர்பை ரேபிஸ் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகையில், அதாவது மிகத் தீவிரமான வகையில்தான் வைத்திருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது குரங்கால். பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது, உள்ளே தலை. என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. சிரிக்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன்! பல் தெரிவதைக் குரங்கு மிரட்டலாகவோ பயமாகவோதான் எடுத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்ணோடு கண் பார்த்ததும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, நான் நின்றது வாசற்படியில். அது வெளியே போக அந்த ஒரு வழிதான் இருந்தது. என் தோள் மேல் ஏறித்தான் போனது.

முழங்கையில் சின்னக் கீறல். ரத்தம் கூட ஒரு துளிதான். மருத்துவர் முதலில் கேட்டது, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டுமாம். நான் கழுவியது அரை நிமிடம் இருந்தால் அதிகம். அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனடியாக எதிர்க்கும் மருந்து) ஊசி. அதுதான் வலி, கீறல் ஒன்றுமே இல்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. குரங்குக்கு பதில் சிரிப்பு சிரித்தவரை நினைத்து மாமியார் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மரநாய் அப்புறம் என்ன ஆனது என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: பக்கத்து வீட்டு ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. ராத்திரி தடதட சத்தம் இங்கேயே கேட்கிறது. அந்த வீட்டுக்காரர் நேற்று பலகையும் ஆணியும் வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். ஒரு கிண்ணம் மாவு எடுத்துக்கொண்டு இப்போதுதான் அங்கே கிளம்புகிறேன்.